களி கிண்டுவதும் குலக்கல்வியும்

அன்புள்ள ஐயா,

அரூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை களி கிண்ட, பொத்தான் தைக்க, நாற்று விட என்று கைவேலை சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவியின் அப்பா வந்தார். "மண்ணு கிளறுறது எங்களோட போகட்டும்னுதான் டீச்சர் புள்ளைய அனுப்புறோம். இங்கயும் அதுதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நிறுத்திவிடட்டுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிறுத்தாதீர்கள். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான் 1953இல் முதல்வராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கொதித்தெழுந்தார்கள். 1954இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. கைவிட்டதே சரி. படிப்பைப் பறிக்கப் பார்க்கிறார்களோ என்ற பயம் உழைக்கிற வீடுகளில் இன்னும் இருக்கிறது.

அதனால் உங்கள் வகுப்பில் யார் எதைச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பையன்கள் களி கிண்டுகிறார்களா? நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை சேற்றில் இறங்குகிறதா? கூட்டிப் பெருக்குகிற வேலை எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகள் தலையில் விழுகிறதா? இதில் ஒன்று பிசகினாலும் அந்த அப்பா சொன்னதே சரி. கணக்கு வகுப்பிலிருந்தும் அறிவியல் வகுப்பிலிருந்தும் ஒரு நிமிடம்கூட எடுக்காதீர்கள்.

அடுத்தது, வீட்டில் கிடைக்காத ஒன்று பள்ளியில் கிடைக்க வேண்டும். களி கிண்டுவதை அந்தப் பெண் அம்மாவிடமே பார்த்திருப்பாள். கேழ்வரகு மாவைக் கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கொட்டச் சொல்லுங்கள். கட்டி தட்டும். ஒரு கட்டியைப் பிட்டால் உள்ளே காய்ந்த மாவு இருக்கும். மேல்மாவு சட்டென்று வெந்து பசையாகித் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. இன்னொரு பாத்திரத்தில், பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் காட்டுங்கள். ஏன் இப்படி ஆகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

தருமபுரியில் இதைவிட அவசரமான பாடம் தண்ணீர். இங்கே பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். பல் உருவாகும் சின்ன வயதில்தான் கறை உண்டாகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தால் தம்பி தங்கைகளைக் காப்பாற்றும். இதற்கான சோதனைப் பெட்டியில் ஒரு சிவப்புக் கரைசல் இருக்கும்; ஃபுளோரைடு கூடக் கூட அது மஞ்சளுக்கு மாறும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரட்டும், தானே சோதிக்கட்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. சந்தேகமான மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தெருவாரியாகப் பட்டியல் எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் பிள்ளைகளையே வாசிக்க வையுங்கள்.