கார்ஸ் சிலை: கடிதமும் பதிலும்

வணக்கம்.

துருக்கியின் கார்ஸ் நகரத்தில் இடிக்கப்பட்ட மனிதநேயச் சின்னத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சிற்பியின் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டீர்கள் என்று தோன்றியது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளியேறும் ஓர் எல்லையோர ஊரில், பொதுப்பணத்தை இவ்வளவு பெரிய சிலையில் கொட்டுவது நியாயமா? ஆர்மீனியாவுடனான எல்லையே மூடிக் கிடக்கும்போது நட்புச் சின்னம் எதற்கு? முதலில் சமாதானம், பிறகு சின்னம் என்பதுதானே முறை? அருகில் ஒரு சூஃபி ஞானியின் அடக்கத்தலம் இருக்கிறது. உள்ளூரில் பலருக்கு அந்தச் சிலை பிடிக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். அவர்களுடைய குரலுக்கு மதிப்பில்லையா? இன்று அங்கே மறுபடி ஒன்று கட்டலாம் என்று பேச்சு வந்தால் ஆதரிப்பீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முந்தைய கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ஸ், துருக்கியின் வடகிழக்கில் ஆர்மீனிய எல்லையை ஒட்டிய நகரம். அங்கே மேயராக இருந்த நயிஃப் அலிபேயொலு, எல்லையைத் திறக்க வேண்டும் என்று கையெழுத்து இயக்கமே நடத்தியவர். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் சிற்பி மெஹ்மெத் அக்சோய் ஊரை ஒட்டிய குன்றின் மேல் சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு சின்னத்தை எழுப்பினார். இரண்டாகப் பிளக்கப்பட்டு ஒன்றையொன்று பார்த்து நிற்கும் மனித உருவம். நடுவில் ஒரு நீட்டிய கை வர வேண்டியிருந்தது. வேலை முடியவில்லை, கை கடைசிவரை பொருத்தப்படவில்லை. 2011 ஜனவரியில் கார்ஸுக்கு வந்த அன்றைய பிரதமர் எர்டோகன், நீங்கள் சொன்ன சூஃபி ஞானி ஹசன் ஹரகானியின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்தில் விகாரமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றார். சுற்றியுள்ள குடிசைகளைத்தான் பிரதமர் சொன்னார் என்று கலாச்சார அமைச்சர் எர்துருல் குனாய் சமாளித்துப் பார்த்தார். இல்லை, சிலையைத்தான் சொன்னேன் என்று பிரதமரே மறுத்துவிட்டார். ஏப்ரல் 26ஆம் தேதி இடிப்பு தொடங்கியது. 1915இல் ஒட்டோமான் துருக்கியில் கொல்லப்பட்ட தம் மக்களை ஆர்மீனியர்கள் நினைவுகூரும் ஏப்ரல் 24 கழிந்து இரண்டே நாள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கார்ஸ் ஏன் அப்படி நலிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரஷ்யர்கள் ஆண்ட காலத்தில், 1899இல், டிஃப்லிஸிலிருந்து (இன்றைய டிபிலிசி) ஆர்மீனியாவின் இன்றைய கியூம்ரி நகரம் வழியாக கார்ஸுக்கு ரயில் வந்தது. சோவியத் காலத்திலும், அதாவது நேட்டோவும் வார்சா ஒப்பந்த நாடுகளும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்திலும், அந்தப் பாதையில் ரயில் ஓடியது. அது நின்றது 1993இல். கராபாக் பகுதிக்காக ஆர்மீனியர்களும் அஜர்பைஜானும் மோதிய போரில் ஆர்மீனியப் படைகள் அஜர்பைஜானின் கெல்பஜாரைப் பிடித்ததும், அஜர்பைஜானுக்கு நெருக்கமான துருக்கி எல்லையை மூடியது. கார்ஸுக்கும் கியூம்ரிக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. 2017இல் திறந்த பாகு–டிபிலிசி–கார்ஸ் ரயில் பாதை ஆர்மீனியாவைத் தொடாமல் ஜார்ஜியா வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆக, கார்ஸின் வறுமைக்கும் எல்லைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த ஊர் மேயர் எல்லையைப் பற்றிப் பேசியதும், அதை ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் வைத்துப் பேசியதும் ஊர்ப் பிழைப்பைப் பற்றிய பேச்சுதான். இன்னும் சிறிதாகக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், கட்டியிருக்கலாம். உயரத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

உங்களுடைய இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு. முதலில் சமாதானம், பிறகு சின்னம் என்கிறீர்கள். அப்படிச் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. சிலியும் அர்ஜென்டினாவும் எல்லைத் தகராறில் போரின் விளிம்புவரை போய், 1902இல் உடன்பாடு செய்துகொண்டன. 1904இல் ஆண்டஸ் மலையில், எல்லைக் கணவாயில், பீரங்கிகளை உருக்கி வார்த்த கிறிஸ்து சிலையை நிறுத்தின. அழகான கதை. ஆனால் 1978இல் தென்கோடியில் உள்ள பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக அதே இரண்டு நாடுகளும் மறுபடி போர் தொடங்கும் நிலைக்கு வந்தன. போப் இரண்டாம் ஜான் பால் நடுவராக வந்து, 1984இல்தான் ஒப்பந்தம் முடிந்தது. கையெழுத்தான பிறகு வைக்கும் சின்னம் யாரையும் எதுவும் கேட்பதில்லை, அதனால் யாரும் அதை எதிர்ப்பதும் இல்லை. கார்ஸில் நின்றது ஒரு கேள்வி. கேள்வியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம்.

கட்டிய காலத்தையும் பாருங்கள். 2007 ஜனவரியில் ஆர்மீனியத் துருக்கியரான பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க் இஸ்தான்புல்லில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2008இல் துருக்கி ஜனாதிபதி குல் கால்பந்து ஆட்டம் பார்க்க ஆர்மீனியத் தலைநகர் எரெவான் போனார். 2009 அக்டோபரில் சூரிச்சில் இரு நாடுகளும் உறவைச் சீராக்கும் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன. எந்தப் பாராளுமன்றமும் அவற்றை நிறைவேற்றவில்லை. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்த அந்த வருடங்களில்தான் இந்தச் சின்னம் எழுந்தது. சமாதானம் வரட்டும் என்று காத்திருந்தால் அது எழுந்தே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்ஸுக்குத் தெற்கே, அதே எல்லையில், இக்திர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1999இல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். ஐந்து வாள்கள் மேலே முனை சேர்ந்து நிற்கின்றன, 40 மீட்டருக்கு மேல் உயரம். ஆர்மீனியர்களால் கொல்லப்பட்ட துருக்கியர்களுக்கானது. எல்லைக்கு அந்தப் பக்கம், எரெவானில், 1967இல் எழுப்பிய சிட்ஸெர்னாகபெர்ட் நினைவிடம் இருக்கிறது. அதன் கூர்ங்கோபுரம் 44 மீட்டர். ஒட்டோமான் ஆட்சியில் அழிக்கப்பட்ட ஆர்மீனியர்களுக்கானது. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒரு இனத்தையே அதன் மண்ணிலிருந்து துடைத்தெடுத்தது 1915. 1918–20 காலத்தில் இந்தப் பகுதியின் முஸ்லிம் கிராமங்களில் கொலைகள் நடந்தன என்பதும் உண்மை. அந்தக் குடும்பங்களின் துக்கம் பொய்யில்லை. அதனால் இன அழிப்பு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நான் கேட்பது வேறு. இந்த இரண்டு சின்னங்களையும் அந்தந்த நாட்டில் யாரும் இடிக்கச் சொல்லவில்லை, அழகாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை, பக்கத்தில் யார் அடக்கமாகியிருக்கிறார் என்று கேட்கவில்லை. தன் மக்களின் சாவை மட்டும் எண்ணுகிற சின்னத்துக்கு இடம் உடனே கிடைக்கிறது. இரண்டு பக்கத்தையும் பார்த்து நிற்கும் சின்னத்திடம் மட்டும்தான் அனுமதிச் சீட்டு, அழகு, செலவுக் கணக்கு எல்லாம் கேட்கிறோம். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

உள்ளூர் மக்களுக்கு வருகிறேன். கார்ஸில் அஜர்பைஜான் வம்சாவளியினர் கணிசமாக இருக்கிறார்கள். கராபாக் போரில் லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்கள் வீடிழந்தார்கள். 1992இல் கராபாக்கின் கோஜாலியில் அஜர்பைஜானியப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வேதனை ஆறாதவர்களுக்கு, ஆர்மீனியாவை நோக்கி நீளும் கை எரிச்சலூட்டியதில் ஆச்சரியம் இல்லை. அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசும் வேலையை, சிலையை எழுப்பியவர்கள் இன்னும் பொறுமையாகச் செய்திருக்க வேண்டும். ஆர்மீனியர்களின் தரப்பிலிருந்து பார்த்தாலும் ஒரு குறை உண்டு. நடந்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ளாமல் பொதுவாக மனிதநேயம் என்று சொன்னால், துக்கத்தில் இருப்பவருக்கு அது ஆறுதலாகாது. இந்த இரண்டு விமர்சனங்களையும் ஏற்கிறேன்.

ஆனால் இடித்தவர்கள் மட்டும் ஊரைக் கேட்டார்களா? வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அங்காராவிலிருந்து வந்த ஒருவரின் ரசனை போதுமானதாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதி என்றெல்லாம் முன்பே சட்டச் சிக்கல் இருந்தது. ஆனாலும் பிரதமரின் அந்தப் பேச்சு வந்த பிறகுதான் கிரேன் குன்றேறியது. 2011 ஏப்ரல் 18ஆம் தேதி, சிலையைக் காப்பாற்றச் சொல்லி இஸ்தான்புல்லில் நடந்த கூட்டத்திலிருந்து வெளியே வந்த ஓவியர் பெத்ரி பைகம் கத்தியால் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தார். பிடிக்காதவர்களின் குரலுக்கு மதிப்பு வேண்டும் என்கிறீர்களே, அதைக் கேட்க வாய்ப்பிருந்த இடம் அந்த விவாதம்தான். இடித்ததில் அதுவும் போயிற்று. பாதியில் நின்ற சிலையை அப்படியே விட்டிருந்தால், பிடித்தவரும் பிடிக்காதவரும் இன்னும் இருபது வருடம் சண்டை போட்டிருப்பார்கள். போடட்டும். எல்லையைப் பற்றி கார்ஸ் மக்கள் தங்களுக்குள் பேச வேறு காரணம் அதிகம் இல்லை.

இன்று மறுபடி கட்டுவதை ஆதரிப்பேனா என்கிறீர்கள். ஆதரிப்பேன், ஆனால் அந்தக் குன்றில் வேண்டாம், ஒரு மேயரின் விருப்பமாகவும் வேண்டாம். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, ஆர்மீனியாவிலிருந்து நிவாரண லாரிகள் எல்லையிலுள்ள மார்கரா பாலத்தைத் தாண்டி வந்தன. முப்பது வருடத்தில் அந்தப் பாலம் திறந்தது அப்போதுதான். லாரிகள் துருக்கிக்குள் நுழைந்தது வாள்கள் நிற்கும் அதே இக்திர் மாகாணத்தில். கார்ஸ்–கியூம்ரி பாதையிலும் ரயில் மறுபடி ஓட வேண்டும். புதிதாக ஒன்று வைப்பதானால் அந்தப் பாதையின் இரண்டு நிலையங்களிலும் வைக்கலாம். என்ன வைப்பது என்பதை இரண்டு ஊர் நகராட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கார்ஸில் பிறந்த ஆர்மீனியக் கவிஞர் யெகிஷெ சாரென்ட்ஸின் வீடு சிதைந்து கிடந்தது. செலவு செய்ய விரும்பும் நகராட்சி அதைச் செப்பனிடுவதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் புதுச் சிற்பியும் வேண்டாம், உயரமும் வேண்டாம்.

அன்புடன்.