அடுப்படிக் கேள்விகள்: மரவள்ளிச் சீவல் முதல் அச்சு முறுக்கு வரை

பள்ளி விடுமுறை தொடங்கவிருப்பதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுப் பலகாரங்களைப் பற்றியே இருந்தன. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் அவற்றை ஒட்டிய தாமான் குடியிருப்புகளிலிருந்தும் எழுதியவர்களே மிகுதி. கொல்லையில் விளைவதையும் பட்டணத்து மளிகைக் கடையில் கிடைப்பதையும் கொண்டு செய்யக்கூடியவற்றையே இங்கே சொல்லியிருக்கிறேன். அளவோடு, ஒவ்வொரு வேலையையும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால், ஒரு பொருள் கைவசம் இல்லாதபோது அதற்கு மாற்று எதுவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: அக்கா, வீட்டின் பின்புறம் மரவள்ளி நன்றாக விளைந்திருக்கிறது. சீவல் பொரித்தால் அன்றைக்கு மொறுமொறுப்பாக இருந்து, மறுநாளே நமத்துவிடுகிறது. கடையில் விற்கும் இனிப்பும் காரமும் கலந்த சம்பல் சீவலை வீட்டில் செய்ய முடியுமா? மரவள்ளியில் நஞ்சு உண்டு, பார்த்துச் செய் என்று மாமியார் சொல்கிறார். அது உண்மையா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மாமியார் சொல்வது உண்மை, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். மரவள்ளிக்கிழங்கில் லினமரின் என்னும் இயற்கைப் பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போதும் துருவும்போதும் அது சிதைந்து சயனைடை வெளியிடுகிறது. கசப்பு வகையில் இது அதிகம், நாம் வழக்கமாக அவித்துச் சாப்பிடும் இனிப்பு வகையில் குறைவு. இனிப்பு வகையில் இருப்பதிலும் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. ஆகவே மேலே உள்ள பழுப்புத் தோலோடு, அதற்கு அடியில் தடிப்பாக இருக்கும் இரண்டாவது தோலையும் கத்தியால் கீறி முழுமையாக உரித்துவிட வேண்டும். அவிப்பதாக இருந்தால் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொரிப்பதனால் மட்டும் அந்தப் பொருள் முழுவதும் நீங்கிவிடாது என்பதால், சீவலுக்கு இனிப்பு வகையையே எடுங்கள். வெந்த துண்டு கசந்தால் அந்தக் கிழங்கையே தூக்கி எறியுங்கள். பச்சையாக ஒரு துண்டைக் கூடப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியை உண்டு உயிர் பிழைத்த தலைமுறை தோட்டங்களில் இருந்தது. அவர்களிடமிருந்து வந்த எச்சரிக்கை இது. வெறும் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனி மொறுமொறுப்புக்கு வருகிறேன். தோண்டிய கிழங்கை அன்றோ மறுநாளோ பயன்படுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். கிழங்கைக் காகிதக் கனத்துக்கு இல்லாவிட்டாலும், அடியில் வைத்த விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, உப்புக் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மீண்டும் ஒரு முறை அலசுங்கள். மேற்பரப்பில் உள்ள மாவு கரைந்து போவதால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பொரியும். பின்னர் சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்து, நன்கு காய்ந்த எண்ணெயில் ஒரு கைப்பிடியாகப் போட்டுப் பொரியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, சீவல் எண்ணெயைக் குடித்துவிடும்.

பலர் அவசரப்படும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சீவலைப் போட்டவுடன் எண்ணெய் சடசடவென்று பொங்கும். அந்தக் குமிழ்கள் எல்லாம் கிழங்கிலிருந்து வெளியேறும் நீராவி. நிறம் வந்துவிட்டதே என்று குமிழ் அடங்குவதற்கு முன் அரித்தெடுத்தால், உள்ளே தங்கிய நீர் மறுநாள் சீவல் முழுவதும் பரவி அதை நமத்துப்போகச் செய்யும். தீயை நடுத்தரமாக வைத்து, சத்தம் ஏறக்குறைய நின்று, குமிழ்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும்போது எடுங்கள். முழுவதும் ஆறிய பிறகே டின்னில் போட்டு இறுக மூட வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த எந்தப் பலகாரமும் ஒரு மாலைப்பொழுதுக்குக் கூடத் தாங்காது.

சம்பலுக்கு, அரை கிலோ கிழங்கின் சீவலுக்கு 15 காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, 5 சின்ன வெங்காயம், 2 பல் பூண்டு சேர்த்து விழுதாக அரையுங்கள். 4 மேசைக்கரண்டி எண்ணெயில் பச்சை வாடை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை வதக்கி, 1 மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், 5 மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். கரண்டியைத் தூக்கினால் பாகு போல இழுபட வேண்டும். அதுவரை விழுதில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள், அந்தத் தண்ணீர்தான் சீவலைக் கெடுக்கும். அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்ததும் சீவலைக் கொட்டிப் புரட்டுங்கள். கழுவிக் காயவைத்து மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலி ஒரு கைப்பிடி சேர்த்தால் சுவை பன்மடங்கு கூடும். சம்பல் பூசிய சீவலைச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கெரொப்போ, வடை, அவித்த கிழங்கு என எதைக் கொடுத்தாலும் பிள்ளைகள் போத்தல் சாஸைத்தான் தேடுகிறார்கள். வீட்டிலேயே தொட்டுக்கொள்ள ஏதாவது சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னி மாலைக்குள் புளித்துவிடுகிறது.
— இரண்டு பிள்ளைகளின் தாய், ஈப்போ

பதில்: அரைத்த தேங்காய் நம் வெயிலில் விரைவில் கெடுவது இயல்பு, அதை ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிள்ளைகளுக்கு நான் பெரிதும் பரிந்துரைப்பது கச்சான் குழம்பு, அதாவது சத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் அந்த வேர்க்கடலைக் குழம்பு. 1 கப் கடலையை எண்ணெய் விடாமல் வறுத்துத் தோல் நீக்கிக் கரகரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். 4 காய்ந்த மிளகாய், 6 சின்ன வெங்காயம், ஒரு தண்டு செராயின் (எலுமிச்சைப் புல்) வெண்மையான அடிப்பகுதி ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் வதக்கி, ஒன்றரைக் கப் தண்ணீர், பொடித்த கடலை, சிறிது புளி, 2 மேசைக்கரண்டி துருவிய குலா மலாக்கா (தென்னை வெல்லம்), உப்புச் சேர்த்து, மேலே எண்ணெய் மினுங்கும் வரை சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாள் பயன்படுத்தலாம். கடலையை வறுப்பதற்கு முன் சுருங்கியவற்றையும் நிறம் மாறியவற்றையும் பூஞ்சை பிடித்தவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுமையாகப் போகாது.

இன்னொன்று மிக எளியது. கெட்டித் தயிரைத் துணியில் கட்டிக் குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, புதினா, கொத்தமல்லி, ஒரு பச்சை மிளகாய் அரைத்த விழுதைக் கலந்துகொள்ளுங்கள். உப்பைப் பரிமாறும் நேரத்தில் போட்டால் நீர் விடாது.

கேள்வி: தொழிற்சாலையில் வேலை முடிந்து வீடு சேர இரவு ஏழரை ஆகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய இரவுச் சாப்பாடு சொல்லுங்கள். மதியம் மீந்து மேசையில் இருக்கும் சோற்றை இரவு நாசி கோரெங் செய்யலாமா?
— ஒரு தொழிற்சாலை ஊழியர், கோலகங்சார்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: மதியத்திலிருந்து மேசையில் இருந்த சோற்றை இரவு பயன்படுத்த வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் விதைமுட்டைகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணிநேரங்களில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சோறு கெட்ட வாடை அடிக்காமல் நன்றாகவே இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நாசி கோரெங் செய்ய விரும்பினால், வெந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும், எப்படியும் 2 மணி நேரத்துக்குள், மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதை எடுத்து ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி வதக்கலாம். குளிர்ந்த சோறு உதிரியாக இருப்பதால் வதக்குவதற்கும் அதுவே ஏற்றது.

அரை மணி நேரச் சமையலுக்கு டின் சார்டின் சம்பலுக்கு நிகரானதை நான் அறியேன். உலையில் அரிசியை ஏற்றிவிட்டு, 2 பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கி, கடுகு, கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது, 2 மேசைக்கரண்டி அரைத்த மிளகாய் அல்லது மீன் மசாலைத் தூள், ஒரு தக்காளி சேர்த்து எண்ணெய் பிரியும் வரை விடாமல் கிளறுங்கள். 425 கிராம் டின்னில் இருக்கும் தக்காளிக் குழம்பை மட்டும் முதலில் ஊற்றி, அரைக் கப் தண்ணீர் விட்டுக் கொதிக்கவையுங்கள். அந்தக் குழம்பிலேயே உப்பும் புளிப்பும் இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்பும் புளியும் சேர்க்க வேண்டும். மீன் டின்னுக்குள்ளேயே வெந்தது. ஆகவே அதைக் கடைசியில் வைத்து, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றி 5 நிமிடம் சூடேற்றினால் உடையாது. நடுமுள் மென்மையாகக் குழைந்திருக்கும்; அதை எடுத்து எறியாதீர்கள், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. மீந்தால் மறுநாள் காலைப் பசியாறலுக்குத் தோசையோடும் ரொட்டியோடும் சேரும். பக்கத்தில் பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய கங்கோங் கீரை இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் தேங்காய்க்குக் குறைவில்லை. பேரப்பிள்ளைகள் வரும்போது சவ்வரிசி இனிப்புச் செய்து கொடுக்க ஆசை. ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றியதும் திரிந்து, திப்பி திப்பியாக மிதக்கிறது. சவ்வரிசியும் பசைபோல் ஆகிவிடுகிறது.
— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, பாகான் டத்தோ

பதில்: ஐயா, பேரப்பிள்ளைகளுக்காக நீங்களே அடுப்பருகில் நிற்பது மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. தேங்காய்ப்பால் என்பது நீரில் கொழுப்பு நுண்துளிகளாகக் கலந்து நிற்பது. அந்தத் துளிகளைப் பிரித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள புரதம். தளதளவென்று கொதித்தால் புரதம் உறைந்து பிடிவிட, கொழுப்பு ஒன்றுகூடி மேலே மிதக்கிறது. எனவே முதற்பாலைக் கடைசியில் சேர்த்து, ஓரங்களில் ஆவி எழும்பியதும் இறக்கிவிட வேண்டும்; அடுப்பில் இருக்கும் வரை ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருங்கள். வெல்லப் பாயசமானால் அடுப்பை அணைத்து, கொதி முழுவதும் அடங்கிய பின் ஊற்றுங்கள். பால் பிழியும்போது கொதிநீர் விடாமல் வெதுவெதுப்பான நீரே விடுங்கள்.

சவ்வரிசி பசையாவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் குறைவு. 200 கிராம் சவ்வரிசிக்கு 2 லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, கழுவாமலும் ஊறவைக்காமலும் தூவிக் கிளறுங்கள். சரவாக்கின் முக்கா வட்டாரத்தில் செய்யப்படும் சாகுமரத்துச் சவ்வரிசியானாலும், மரவள்ளி மாவில் செய்த சவ்வரிசியானாலும் முறை ஒன்றே. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மணிகள் கண்ணாடி போலாகி, நடுவில் ஊசிமுனை அளவு வெண்புள்ளி மட்டும் மிஞ்சும். அப்போது அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடி வைத்தால் அந்தப் புள்ளியும் மறையும். சல்லடையில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் கையால் அலசி, ஒட்டும் மாவை எல்லாம் போக்கிவிடுங்கள். சிறு கிண்ணங்களில் அழுத்தி ஒரு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அச்சாக நிற்கும்.

பாகுக்கு 200 கிராம் குலா மலாக்காவைச் சீவி, 100 மில்லிலிட்டர் தண்ணீரும் முடிச்சிட்ட 2 பாண்டான் இலையும் சேர்த்துக் கரைத்து, தூசு தும்பு போக வடிகட்டுங்கள். தேங்காய்ப் பாளைப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் அசல் குலா மலாக்காவை உங்கள் ஊர்க்காரருக்கு நான் அடையாளம் காட்டத் தேவையில்லை. தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்புப் போட மறக்காதீர்கள். அந்த உப்பு இல்லாவிட்டால் இந்த இனிப்பு திகட்டிவிடும். பாகைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள பெரியவர்களும் தங்களுக்குத் தக்கபடி குறைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: அச்சு முறுக்கு மாவு அச்சிலிருந்து பிரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
— கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கையே, புதிய அச்சாக இருந்தால் முதலில் அதை எண்ணெயில் சற்று நேரம் காய்ச்சி, அந்த எண்ணெயிலேயே ஓர் இரவு ஊறவிட்டுப் பழக்க வேண்டும். சுடும்போது அச்சை எண்ணெயிலேயே 5 நிமிடம் சூடேற்றி, சொட்டுவதை உதறிவிட்டு, மாவில் முக்கால் பங்கு மட்டும் அமிழ்த்துங்கள். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வர வழியே இருக்காது. மாவு அச்சில் பிடிக்காமல் வழிந்தால் மாவு நீர்த்திருக்கிறது, அல்லது அச்சின் சூடு மிகுந்திருக்கிறது. எண்ணெயில் இறக்கிய பிறகும் கழலாமல் ஒட்டினால் அச்சின் சூடு போதவில்லை. அரிசி மாவு அடியில் தங்கும் இயல்புடையது என்பதால் ஒவ்வொரு முறை தோய்ப்பதற்கு முன்பும் கிண்ணத்தைக் கலக்குங்கள். ஒட்டிய துண்டுகளை ஈர்க்குச்சியால் நீக்கி, அச்சைத் தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் சூடான எண்ணெயில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.