பிரிட்டிஷ் பேரரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் விளக்குப்படப் பாடம் நடத்தியது?

கண்ணாடித் தகட்டில் உள்ள புகைப்படத்தை விளக்கொளியால் திரையில் பெரிதாகக் காட்டி, ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்குவதுதான் விளக்குப்படப் பாடம். இன்றைய வகுப்பறை புரொஜெக்டர் மாதிரி.

கடல்கடந்து சிதறிக் கிடந்த நாடுகளை 'ஒரே பேரரசு' என்று பிள்ளைகள் மனதில் பதிய வைப்பதே நோக்கம். இதற்காக 1902-இல் லண்டனில் ஒரு குழு அமைந்தது. புவியியலாளர் மெக்கிண்டர் வழிகாட்ட, ஓவியர் ஹியூ ஃபிஷர் 1907 முதல் 1910 வரை ஊர் ஊராகப் படமெடுத்தார். உள்ளூர் வாழ்க்கையோடு, ஆங்கிலேயர் ஆட்சியால் வந்த மாற்றங்களும் தெரியவேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. அப்புறம், அது எப்படி நடுநிலைப் பாடமாகும்?

பலர் நினைப்பதுபோல, காலனிகளை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும் இது தொடங்கவில்லை. முதல் பாடங்கள் இலங்கை, மலாயா, ஹாங்காங் மாணவர்களுக்கு பிரிட்டனைக் காட்டத்தான் தயாராயின.