டீ கிளாஸைத் தொட்டால் விரல் சட்டைப்பையைத் தேடுகிறது

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 14 வருடமாகத் தினமும் பத்துப் பன்னிரண்டு சிகரெட். மகளுக்கு வீசிங் வந்ததும் ஒரே நாளில் நிறுத்தினேன். 19 நாள் ஆகிறது. வீட்டில் சமாளித்துவிடுகிறேன். காலை 11 மணிக்கு டீக்கடைக்குப் போனால்தான் கஷ்டம். அங்கே லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், கண் அங்கேயே போய் நிற்கிறது. டீ கிளாஸை வாங்கியதும் விரல் தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது. போன வாரம் நண்பனிடம் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். ‘எல்லாம் போச்சு, இனி எதற்கு வைராக்கியம்’ என்று தோன்றுகிறது. டீ இப்போதும் ஆறேழு ஓடுகிறது. எனக்கு மன உறுதி போதாதா?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கட்டிங் மாஸ்டருக்குக் கணக்கு வரும், போட்டுப் பாருங்கள். நாளைக்குப் பத்துச் சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்றாலும் 14 வருடத்தில் ஐந்து லட்சம் தடவைக்கு மேல் அந்தக் கை வாய்க்குப் போயிருக்கிறது. 19 நாளில் அது மறந்துவிடுமா? நிக்கோடின் கிடைக்காத உடம்பு அதிகம் படுத்துவது முதல் சில நாட்கள்தான். அதைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது இழுப்பது அந்த டீக்கடை.

ஆசை வரும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் அதைக் கடல் அலையாகப் பார்க்கச் சொன்னார். எழும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அடுத்த முறை அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தொண்டையிலா, நெஞ்சிலா, விரல் நுனியிலா? மூச்சை மெதுவாக விட்டபடி அந்த இடத்தையே கவனியுங்கள். கிளாஸ் காலியாவதற்குள் பிடி தளர்வது தெரியும். முதல் நாலைந்து தடவை சரியாக வராது, பரவாயில்லை.

கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். எந்தக் கையில் சிகரெட் பிடிப்பீர்களோ அந்தக் கையிலேயே டீ கிளாஸ், மற்றதில் கடலைமிட்டாய். லைட்டருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இதையெல்லாம் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். கடைக்குப் போய் யோசித்தால் விரல் முந்திக்கொள்ளும்.

அப்புறம் அந்த ஆறேழு டீ. சிகரெட் புகை உள்ளே போகும்வரை கல்லீரல் காஃபினை வேகமாகக் கரைத்துத் தள்ளும். நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே டீதான், ஆனால் காஃபின் கூடுதல் நேரம் உடம்பில் தங்கும். படபடப்பாக இருக்கும், தூக்கம் வராது. நீங்களோ சிகரெட் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். மூன்றாகக் குறைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டு இழுப்பைவிட எனக்குப் பயம் தருவது ‘எல்லாம் போச்சு’ என்ற வரி. முழுப் பாக்கெட்டை வாங்க வைப்பது அதுதான். அன்று தூக்கம் கெட்டிருந்ததா, சூப்பர்வைசரோடு சண்டையா? ஒரு தாளில் குறித்துவையுங்கள். அந்த நண்பரிடமும் ‘நானே கேட்டாலும் கொடுக்காதே’ என்று சொல்லிவிடுங்கள். மறுபடி சறுக்கினால் அரசின் இலவச உதவி எண் 1800-11-2356க்குப் பேசலாம். நிக்கோடின் சூயிங்கம் போன்றவை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.