ஊற வைக்கும் நேரம்

அன்புள்ள அம்மா,

உங்கள் எழுத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இது இலக்கியம் சாராத கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். என் இளைய மகனுக்கு இழுப்பு இருக்கிறது. அதனால் ஆறு மாதங்களாக வீட்டில் பினாயில், டாய்லெட் ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் நிறுத்திவிட்டேன். பூந்திக்கொட்டைத் திரவம், எலுமிச்சைத் தோலில் நானே தயாரிக்கும் பயோ என்சைம், வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்த்த கலவை என்று மாறியிருக்கிறேன். ஆனால் பூந்திக்கொட்டையில் போதிய நுரை வருவதில்லை. குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு போகவில்லை. அடுக்களை மேடையோ மங்கிக்கொண்டே வருகிறது. என் கணவர் கேலி செய்கிறார். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எனக்குத் தெரியாமல் தெருவில் வரும் ஆசிட்காரரிடம் ஒரு பாட்டில் வாங்கி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். கேட்டால், “உங்க தண்ணியில போவலம்மா” என்கிறார். நம் பாட்டிகள் சாம்பலையும் சீயக்காயையும் வைத்துக்கொண்டே வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தார்களே, இவர்களுக்கு ஏன் இது புரிவதில்லை? மென்மையான, நஞ்சில்லாத பொருள் எதையாவது பரிந்துரைக்க முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் வீட்டுப் பரணில் வெடித்த ஒரு பாட்டிலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால், எந்தப் பொருளை வாங்கலாம் என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

முதலில் குழந்தை. இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அமிலப் புகையையும் குளோரின் நெடியையும் நிறுத்தியது சரியான காரியம். உங்கள் கணவரின் கேலிக்கு இந்தப் பதிலில் அதிக இடம் ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளியலறையைத் தேய்க்கட்டும், பிறகு பேசலாம். நுரையைப் பற்றியும் கவலை வேண்டாம். 2019ஆம் ஆண்டின் கடைசியில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கிப் பிள்ளைகள் அதில் விளையாடியபோது, கடல் சுத்தமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. வினிகர் அமிலம், சோடா காரம். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். கடையில் விற்கும் 5 சதவீத வினிகரில் 100 மில்லி எடுத்து அதில் 7 கிராம் சோடாவைப் போட்டால், பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர் மட்டுமே. பொங்கி மேலே போனது கரியமில வாயு. நடுநிலையாக்கல் என்று இதைப் பள்ளியில் படித்து நீங்களும் மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அடுக்களைக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து அதையும் வெளியே கழற்றி வைத்துவிட்டீர்கள்.

மேடை மங்கியதற்கும் நீங்களேதான் காரணம். அது கறுப்புக் கடப்பா கல் என்று ஊகிக்கிறேன். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. வினிகரும் எலுமிச்சையும் உங்கள் பயோ என்சைமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நீங்கள் பார்க்கும் மங்கல் அழுக்கு அல்ல, கல்லின் மெருகே கரைந்து போயிருக்கிறது. சிமென்ட்டும் சலவைக்கல் சில்லுகளும் சேர்ந்த மொசைக் தரைக்கும் இதே கதிதான். பயோ என்சைம் என்ற பெரிய பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து மூன்று மாதம் மூடி வைத்தால், அது புளித்துச் சாராயமாகி, பிறகு காடியாகிறது. நம் முன்னோர் காடி என்று சொன்னதைத்தான் இன்று வினிகர் என்கிறோம்.

நானும் அதைப் போட்டேன். முதல் மாதம் முழுவதும் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மகள் வீட்டுக்குப் போன பத்து நாட்கள் மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வீடு சுத்தமாக இருந்தது. பரணுக்குக் கீழே இருந்த கடப்பா பலகையில் மட்டும் வெள்ளை வெள்ளையாக வழிந்த தடம். சாவி வைத்திருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த அம்மாள் மூன்றாம் நாள்தான் சொன்னார்: “மேல ஏதோ ஊறுகாய் வெடிச்சிருந்திச்சும்மா, ரெண்டு தரம் தொடைச்சேன், பிசுபிசுப்பு போவவேயில்ல.” என் இயற்கை ஆர்வத்தைத் துடைக்க அவருடைய இரண்டு மத்தியானங்கள் செலவாகியிருக்கின்றன. அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்த வரிக்கு வருகிறேன். நம் பாட்டிகள் சாம்பலை வைத்துக்கொண்டே வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தார்கள் என்கிறீர்கள். பாட்டிகளா வைத்திருந்தார்கள்? அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் பித்தளை அண்டாக்களும் குத்துப்போணிகளும் தங்கம் போல மின்னியது உண்மை. ஆனால் ஆச்சி ஒருநாளும் கிணற்றடியில் குந்தியதில்லை. அங்கே குந்தியிருந்தவரைப் பிள்ளைகள் நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம். புளியும் செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும்தான் அவருடைய கருவிகள். காலையில் ஒரு குவியல், மத்தியானம் ஒரு குவியல், விசேஷ நாளென்றால் இருட்டும்வரை.

சாம்பல் மென்மையான பொருள் என்று உங்களுக்கு யார் சொன்னது? விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். 1807இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த அந்த உலோகத்துக்குப் பொட்டாசியம் என்ற பெயர் வந்ததே, பானையில் காய்ச்சி எடுத்த சாம்பல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்துதான். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சவுக்காரமாக மாற்றிக் கழுவிவிடும் அந்தக் காரம், தேய்க்கிறவர் விரலில் இருக்கும் எண்ணெயை மட்டும் விட்டுவைக்குமா? அதன்மேல் புளியின் டார்டாரிக் அமிலமும் செங்கல் பொடியின் அரமும் சேர்ந்தால் தோல் என்ன ஆகும்? (இயற்கை என்றாலே நஞ்சில்லை என்பவர்களுக்கு இன்னொரு செய்தி: உங்கள் பூந்திக்கொட்டையை இடித்து நீரில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது.)

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஒரு தீபாவளிக்கு மறுநாள், பெரியக்காவுக்குப் பின்வாசலில் இலையைப் போட்டு, சோற்றில் புளிக்குழம்பு ஊற்றினார்கள். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, “ஆச்சி, ஒரு கரண்டி குடுங்களேன்” என்றார். ஆச்சி சிரித்துவிட்டார். “என்னட்டீ, துரைசாணி மாதிரி கரண்டியில திங்கப் போறியாக்கும்?” எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பெரியக்காவும் சிரித்துக்கொண்டே கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்தக் கை எனக்குத் தெரிந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனியிலிருந்து குறுக்கே நெடுக வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் சாம்பல் கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. அந்த விரல்களால் புளிக்குழம்பைத் தொட முடியாது. கரண்டியை யார் எடுத்துக் கொடுத்தார்கள், கொடுத்தார்களா என்பது எனக்கு நினைவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே, “இவர்களுக்கு ஏன் புரிவதில்லை” என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கிறது. டாய்லெட் ஆசிட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் அது ஐந்து நிமிடத்தில் கறையைக் கரைத்துவிடும். மென்மையான அமிலம் அதே வேலையைச் செய்ய ஓர் இரவு கேட்கும். அந்த இடைப்பட்ட நேரத்தை யாராவது தர வேண்டும், அல்லது அதற்கு ஈடாக யாருடைய மணிக்கட்டாவது தேய வேண்டும். அவர் உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறார், அடுத்த வீட்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பாட்டிலை மாற்றினீர்கள், நேரத்தை மாற்றவில்லை, சம்பளத்தையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். கறை போகவில்லை என்றால் ஏச்சு வாங்கப் போவது அவர்தான் என்பதால், தன் கைக்காசைப் போட்டு உங்கள் குளியலறைக்கு ஆசிட் வாங்கியிருக்கிறார். ஒளித்து வைத்தார் என்று வருந்தி எழுதத் தெரிந்த உங்களுக்கு, அது யார் காசு என்று கேட்கத் தோன்றவில்லையே!

அந்தப் பாட்டிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2013இல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் சில்லறையில் அமிலம் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் தெருவுக்கு வருபவர் பதிவேடா கொண்டு வருகிறார்? வீட்டில் பழைய பிளீச்சிங் பவுடர் மீதமிருந்தால் அதை இந்தப் பாட்டிலின் பக்கத்திலேயே வைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியர்கள் போர்க்களத்தில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். வினிகரும் உங்கள் பயோ என்சைமும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தாலும் அந்த வாயு வரும் என்பதால், மென்மையான பொருள்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சன்னலில்லாத குளியலறையில், குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரேதான் அது கிளம்பும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை சிறியது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று சிட்ரிக் அமிலம் கிடைக்கும். இரவு படுக்கப் போகும் முன் கழிப்பறைக் கோப்பையில் இரண்டு கைப்பிடி போட்டுவிடுங்கள், காலையில் பிரஷ் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். குழாயில் இருக்கும் வெள்ளைப் படிவு போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. அதே உப்பைக் கரைத்த நீரில் பழைய துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி ஒரு மணி நேரம் விட்டால் இளகிவிடும். கடப்பா மேடைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டும் தண்ணீரும் தவிர வேறெதுவும் வேண்டாம். போன மெருகு போனதுதான், கல்லுக்கு மெருகு போடுபவரை அழைத்தால்தான் திரும்பும். தரைக்கும் ஒரு வாளித் தண்ணீரில் அதே சில சொட்டு போதும்.

கவனியுங்கள், இவற்றில் ஊற வைக்கும் வேலை முழுவதும் உங்களுடையது. போடுவது, கட்டுவது, அடிப்பிடித்த பாத்திரத்தில் இரவே வெந்நீர் ஊற்றி வைப்பது எல்லாம் அவர் வருவதற்கு முன் நடந்திருக்க வேண்டும். அதற்கு மேலும் தேய்க்க வேண்டியிருந்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு என்று அவரிடம் கேட்டுச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கையுறை வாங்குவதாக இருந்தால் அவருடைய கை அளவுக்கு வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது என் கை அளவு. பரண் துடைத்த அம்மாள் அதை மரியாதைக்காக இரண்டு நாள் போட்டுவிட்டுக் கொடியில் காயப் போட்டுவிட்டார்.

ஆசிட் பாட்டிலுக்கு அவர் கொடுத்த காசை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டார், ஆசிட்காரரிடம் கேளுங்கள்.

அன்புடன்.