பந்து உள்ளே போன பிறகு

இந்தப் பதில்களை எழுதுகிறவர் சென்னை ஃபுட்பால் லீகில் பதினோரு வருடம் கோல்கீப்பராக நின்றவர். இப்போது மன்னார்குடி பக்கம் ஓய்வில் இருக்கிறார். சாயங்காலம் பையன்களுக்குப் பந்து உருட்டிவிடுகிறார், மாதம் ஒருமுறை வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி தோல்வியைப் பற்றியவை.

கேள்வி: என் தம்பி சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுகிறான், கேரளாவில் ஒரு கிளப்பில். இந்த சீசனில் அவன் டீம் ஒரு வாரம் மூன்று கோல் போட்டு ஜெயிக்கிறது, அடுத்த வாரம் கடைசியில் கிடக்கிற டீமிடம் தோற்கிறது. லீவில் வந்தால் யாரிடமும் பேச்சில்லை. ராத்திரி இரண்டு மணி வரை மொட்டைமாடியில் நடக்கிறான். "ஏன்டா தோத்தீங்க?" என்று அப்பா கேட்டால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். நாங்கள் என்ன செய்வது?
— ஓர் அக்கா, நீடாமங்கலம்

பதில்: அம்மா, முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் தம்பிக்கே தெரியாது. தெரிந்தால் மாடியில் நடக்க மாட்டான்.

ராத்திரி ஆட்டம் ஆடின உடம்புக்குச் சட்டென்று சூடு இறங்காது. ஜெயித்தாலும் தூக்கம் வராது. தோற்றால் கூடவே ஒரு படம் ஓடும். எனக்கு ஓடியதைச் சொல்கிறேன். கண்ணை மூடினால் பந்து வரும். அதே இடத்திலிருந்து அதே பந்து. ஒவ்வொரு தடவையும் நான் அதை அழகாகப் பிடித்துவிடுவேன். கண்ணைத் திறந்தால் ஸ்கோர் மாறியிருக்காது.

வெளியூரில் தோற்றுவிட்டு வேனில் திரும்புவது தனி அனுபவம். முதல் ஒரு மணி நேரம் பேச்சே இருக்காது. ஒருத்தன் பூட் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருப்பான். வலித் தைல வாசனையும் ஈர சாக்ஸ் நாற்றமும் கலந்து ஒரு நெடி. வழியில் டீக்கடையில் வண்டி நிற்கும். அங்கேதான் யாராவது வாயைத் திறப்பான். ஆட்டத்தைப் பற்றி இருக்காது. "இந்த வடையால அடிச்சா போஸ்ட்டே விழுந்துரும்டா." சீனியர் ஒருத்தர் சிரித்தால் மற்றவர்கள் சிரிக்கலாம், அவர் சிரிக்காவிட்டால் யாரும் சிரிக்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் இது. சில ராத்திரி வடை ஜோக்கே வராமல் ஊர் வந்து சேர்ந்துவிடும்.

இன்றைய கிளப்புகளில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை லேசான ஓட்டம், ஐஸ் தண்ணீர்க் குளியல், மசாஜ். வீடியோ போட்டுக் காட்டுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கப்புறம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே வேலையாகச் செய்கிற கோச்சே அன்று ராத்திரி கேட்காத கேள்வியை, அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்கலாமா?

இன்னொன்று. தொடர்ந்து தோற்கிற டீமில் இருந்தால் மனசு மரத்துப் போகும், அது ஒரு வகையில் சௌகரியம். உங்கள் தம்பிக்கு அதுவும் இல்லை. ஒரு வாரம் நம்பிக்கை வருகிறது, அடுத்த வாரம் போகிறது. ஆளைத் தின்பது இந்த ஏற்ற இறக்கம்தான். இதோடு ஒப்பந்தக் கவலை வேறு. நம் நாட்டில் பல பையன்களுக்கு ஒரு சீசனுக்குத்தான் கையெழுத்து. அவன் மாடியில் நடக்கிறபோது மனசில் இருப்பது போன ஆட்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள், அடுத்த வருஷத்துச் சம்பளமும் இருக்கலாம்.

அதனால் பந்துப் பேச்சை அவனே எடுக்கிற வரை நீங்கள் எடுக்காதீர்கள். சோற்றைப் போடுங்கள். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வாங்க. நடந்தால் நடக்கட்டும்.

ஆனால் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இல்லை, "நான் எதுக்கு இருக்கேன்" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் இதெல்லாம் போதாது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஜெர்மனி தேசிய அணியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கே தன் மனச்சோர்வை வெளியே தெரியாமல் மறைத்துக்கொண்டே ஆடியவர். 2009 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. ஆட்டத்தைப் பார்த்து ஆளின் மனசைக் கண்டுபிடிக்க முடியாது, அம்மா.

கேள்வி: சென்னையின் எஃப்.சி. கிளப் 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன். அடுத்த சீசனில் கடைசி இடம். அதற்கடுத்த சீசனில் மறுபடி ஃபைனல்! இவர்கள் நினைத்தால் ஆடுவார்கள், நினைக்காவிட்டால் ஆட மாட்டார்களா?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: கோபம் நியாயம். அந்தக் கடைசி இட சீசனை நான் பாதிதான் பார்த்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து டி.வி.யைப் போட்டால் இவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி. கரண்ட் இல்லாததே மேல் என்று தோன்றியது.

நினைத்தால் ஆடுவார்கள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரிக்கெட் போல இதில் ரன் குவியாது. ஓர் ஆட்டத்துக்கு மொத்தமே இரண்டரை, மூன்று கோல். ஒரு பந்து போஸ்ட்டில் பட்டு உள்ளே போகிறதா, வெளியே போகிறதா என்பதில் ஆட்டமே மாறிவிடும். இப்படி நாலு ஆட்டம் போனால் மனசுக்குள் ஒன்று நடக்கும். நேற்று வரை யோசிக்காமல் கொடுத்த பாஸை இன்று யோசித்துக் கொடுப்பான். அரை செகண்ட். அந்த அரை செகண்டில் எதிராளி வந்து காலை வைத்துவிடுவான். மேலே கேலரியிலிருந்து பார்த்தால் அவன் சோம்பேறியாகத் தெரிவான். உண்மையில் பயந்துபோயிருப்பான். ஃபார்ம் போய்விட்டது என்கிறோமே, பெரும்பாலும் இந்த அரை செகண்ட்தான் அது.

அது திரும்ப வருகிற விதமும் விசித்திரம். 2019-20 சீசனில் சென்னை அணி முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை. 6 ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு கோச் ஜான் கிரிகரி போனார், ஓவன் கோய்ல் வந்தார். அதே பையன்கள்தான். முன்கள ஆட்டக்காரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டார். கடைசியில் ஃபைனல் வரை போய், கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள். புதுக் கோச் வந்தால் முதல் சில ஆட்டம் எல்லோரும் ஓடத்தான் செய்வார்கள், மாமியார் வந்து இறங்கிய வீடு மாதிரி. அது மூன்று வாரம் தாங்கும். கோய்ல் காலத்தில் அதற்கும் மேலே தாங்கியது. என் கணக்கில் அதற்குக் காரணம், பழைய தப்புக்கெல்லாம் அவரிடம் நோட்டுப் புத்தகம் இல்லை என்பதுதான்.

விவசாயி வீட்டுப் பையனாக இருந்தால் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வயல், அதே விதை, அதே ஆள். போன வருஷம் கண்ட மூட்டை இந்த வருஷம் காணுமா?

கேள்வி: கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள். தோற்றால் மைதானத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். இதெல்லாம் கேமராவுக்குத்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: சார், சில பேர் கேமராவுக்கு அழுவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெப் குவார்டியோலாவைப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி கோச்சாக 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நாலு தடவை இங்கிலீஷ் லீக் சாம்பியன். அப்படிப்பட்டவரின் டீம் 2024 கடைசியில் 13 ஆட்டத்தில் ஒன்றைத்தான் ஜெயித்தது. அந்த நவம்பரில் ஃபெயனூர்டுக்கு எதிராக 3-0 என்று இருந்த ஆட்டம் 3-3 ஆனது. பேட்டிக்கு வந்த மனுஷன் மூக்கிலும் நெற்றியிலும் நகக்கீறல். அவர் நகம்தான்.

பணம் வலியைக் குறைக்கும் என்றால் நம் ஊர் மிராசுதார்கள் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். மெஸ்ஸி 2016 கோப்பா அமெரிக்கா ஃபைனலில் பெனால்ட்டியை வெளியே அடித்துவிட்டு, இனி நாட்டுக்கு ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் திரும்பி வந்தது, 2022ல் சவூதியிடம் முதல் ஆட்டமே தோற்று அந்த உலகக் கோப்பையையே தூக்கியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

கேள்வி: தோற்ற கையோடு எதிர் டீம்காரனோடு சிரித்துப் பேசி ஜெர்சி மாற்றிக்கொள்கிறார்களே, வயிறு எரிகிறது!
— வாசகர், திருவாரூர்

பதில்: போன வருஷம் ஒரே ரூமில் தங்கினவனாக இருப்பான். என்னிடம் இப்படி வந்த சட்டை மூன்று இருந்தது. ஒன்றை வீட்டில் கரித்துணியாக்கிவிட்டார்கள். நல்ல தடித்த துணி, கை சுடவில்லையாம்.

கேள்வி: நான் பத்தாவது படிக்கிறேன், ஸ்கூல் டீமில் கீப்பர். மண்டலப் போட்டியில் என் காலுக்கு நடுவில் பந்து போய் 0-1 என்று தோற்றோம். இப்போது எல்லோரும் என்னை "ஓட்டை" என்று கூப்பிடுகிறார்கள். பெரிய பிளேயர்கள் இதையெல்லாம் எப்படித் தாங்குகிறார்கள்? கீப்பிங்கை விட்டுவிடலாமா?
— பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, தாங்க முடியாமல் போனவர்களும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். 1950 ஜூலை 16, ரியோவில் மரக்கானா மைதானம், பிரேசில் 1-2 என்று உருகுவேயிடம் உலகக் கோப்பையை விட்டது. இரண்டாவது கோல் கீப்பர் பார்போசாவின் பக்கத்துப் போஸ்ட் ஓரமாகப் போனது. அவர் நல்ல கீப்பர். ஆனாலும் 2000ல் சாகிற வரை ஐம்பது வருஷம் ஊர் அவரைக் கை காட்டிக்கொண்டே இருந்தது. இதை உன்னை "ஓட்டை" என்கிற பயல்களுக்குப் படித்துக் காட்டு.

இன்னொருவர் நம் நாட்டுக்காரர், கோவாவின் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி. 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். ஃபைனல். சொந்த ஊர் மைதானம், சென்னைக்கு எதிராகக் கோவா 2-1. ஆட்டம் முடிகிற நேரத்தில் வந்த பந்தை இவரே தன் வலைக்குள் தள்ளிவிட்டார். 2-2. அடுத்த சில நிமிடத்தில் மெண்டோசா கோல், சென்னைக்குக் கோப்பை. அன்று எல்லோரும் மெண்டோசா ஓடுவதைப் பார்த்தார்கள். கீப்பராக இருந்தவன் கண் வேறெங்கே போகும்? நான் கட்டிமணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குச் செத்த நேரம் கை வரவில்லை.

2022 மார்ச் 20. அதே ஃபட்டோர்டா மைதானம், மறுபடி ஃபைனல். இப்போது அவர் ஹைதராபாத் கீப்பர். கேரளாவோடு பெனால்ட்டி ஷூட்டவுட். மூன்று பந்தைத் தடுத்தார், கோப்பை ஹைதராபாத்துக்கு. நடுவில் ஆறு வருஷம் என்ன செய்தார் என்று கேட்டால், பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து கிளவுஸை மாட்டியிருப்பார்.

என் கதையும் ஒன்று. எனக்கு அப்போது 26 வயது. சென்னையில் ஒரு நாக்அவுட் ஆட்டம், லேசான மழை. தூரத்திலிருந்து அடித்த பந்து கையில் பட்டு, கால் நடுவே புகுந்து, மெதுவாகக் கோட்டைத் தாண்டியது. அன்று ராத்திரியே பஸ் பிடித்து விடிகாலையில் ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா பழைய சோறும் நார்த்தங்காயும் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வயலுக்குப் போனேன். குறுவை நடவு முடிந்த சமயம், அப்பா வரப்பில் நண்டு துளைத்த ஓட்டையை மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கி மண்ணை வெட்டிப் போட்டேன். ரொம்ப நேரம் கழித்து, நிமிராமலே கேட்டார்: "அடிச்ச பய நல்லா அடிச்சானா?"

"நல்லா அடிச்சாம்பா."

"அப்பறம் என்ன?" என்றார். மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

பொய்தான் சொன்னேன். நல்லா அடித்த பந்து இல்லை, உருண்டு வந்த பந்து. பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அப்பா தினமும் டீக்கடையில் முழுப் பேப்பரையும் படிக்கிற ஆள்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். கீப்பிங்கை விட வேண்டாம், நிற்கிற விதத்தை மாற்று. தரையோடு வருகிற பந்துக்குக் காலை அகட்டிக்கொண்டு குனியாதே. ஒரு முட்டியை மடக்கித் தரைப்பக்கம் இறக்கு. அந்த முட்டிக்கும் மற்றக் கால் குதிகாலுக்கும் நடுவே பந்து நுழைகிற இடம் இருக்கக் கூடாது. உள்ளங்கை பந்தைப் பார்க்க, சுண்டுவிரல் இரண்டும் சேர, அள்ளி நெஞ்சோடு அணை. கை தவறினாலும் கால் நிறுத்தும். வீட்டில் யாரையாவது தினமும் 50 பந்து போடச் சொல். வேகமாக வேண்டாம், உருட்டிவிட்டால் போதும்.