எச்சில் சுரப்பியில் ஆராய்ச்சி செய்ய அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: மனிதன், எலி, கொசு, மாடு என்று ஒன்றையும் விடாமல் எல்லாவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் விஞ்ஞானிகள் ஏன் அறுத்துப் பார்க்கிறார்கள், அதனால் யாருக்காவது பயன் உண்டா?

நான் விலங்கியல் படித்தவன், இப்போது பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, எச்சிலுக்காகவே அந்தச் சுரப்பியைத் தொட்டவர்களைவிட, வேறு எதையோ தேடிப் போய் அங்கே வந்து நின்றவர்களின் கதைதான் சுவாரசியமானது. 1898இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் தேடியது, மலேரியா ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்கு எப்படிப் போகிறது என்பதை. மலேரியா பிடித்த பறவைகளைக் கடித்த கொசுக்களைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தவருக்குக் கடைசியில் கிருமி அகப்பட்டது கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில்.

எனக்கும் அறிமுகம் பூச்சி வழியாகத்தான். கல்லூரியில் செய்முறை வகுப்புக்குக் கைரோனோமஸ் புழு பிடித்து வரச் சொன்னார்கள். தேங்கிய தண்ணீரின் அடிச்சேற்றில் இரத்தச் சிவப்பாக நெளியுமே, அது. பெரிதானதும் பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டுப் புழுவைக் கிடத்தி, ஒரு ஊசியால் தலையை அழுத்திக்கொண்டு இன்னொரு ஊசியால் உடலை மெதுவாக இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் தலையோடு குடலும், பக்கத்தில் கண்ணாடி மாதிரி இரண்டு சின்னப் பைகளும் வரும். அவைதான் சுரப்பிகள். பாதி வகுப்பு கொழுப்பைச் சுரப்பி என்று நினைத்துச் சாயம் போட்டுக்கொண்டிருந்தது. நான் நான்கு புழுக்களை வீணாக்கிய பிறகுதான் கை படிந்தது. அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்து, கவர்ஸ்லிப் வைத்து, மேலே பிளாட்டிங் பேப்பரைப் போட்டுக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. கவர்ஸ்லிப் துளி நகர்ந்தாலும் போச்சு.

மேடம் வந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, “கிடைச்சிருச்சு, வரைஞ்சுக்கோ” என்றார். உள்ளே பட்டை பட்டையாகக் கோடு போட்ட சிவப்புக் கயிறுகள் சுருண்டு கிடந்தன. குரோமோசோம்கள்! சாதாரண செல்லில் அது பிரியும் நேரத்தில் மட்டும், அதுவும் பொடிப்பொடியாகத் தெரிகிற சமாச்சாரம். இந்தச் சுரப்பியில் செல் பிரியாமலே டி.என்.ஏ.வை மட்டும் திரும்பத் திரும்பப் படி எடுத்துக்கொண்டே போகிறது. ஆயிரக்கணக்கான படிகள் ஒட்டிக்கொண்டு கிடப்பதால் கயிறு போலத் தடிக்கிறது. காரணம் இருக்கிறது. புழு தான் குடியிருக்கும் குழாயைக் கட்டத் தேவையான இழையை இந்தச் சுரப்பிதான் சுரந்து தர வேண்டும், அதற்கு ஏகப்பட்ட புரதம் வேண்டும்.

பால்பியானி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை 1881லேயே பார்த்துவிட்டார். அரை நூற்றாண்டு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1933இல் டெக்சாஸில் பெயின்டர் என்ற விஞ்ஞானி பழ ஈயின் சுரப்பியை வைத்து, இந்தப் பட்டைகளைக் கொண்டு எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று அடையாளம் காட்டலாம் என்றார். 1960இல் கிளெவர், கார்ல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கைரோனோமஸ் புழுவுக்குத் தோலுரிக்கும் ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். குறிப்பிட்ட சில பட்டைகள் மட்டும் பொம்மென்று உப்பின. ஹார்மோன் போய் மரபணுவை எழுப்புகிறது என்பது அப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்புறம் எலி. இதை வகுப்பில் சொல்லாமல் நான் விட்டதே இல்லை. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும், நரம்புகளை வளரவைக்கும் ஒரு பொருளைச் சுண்டெலியின் கட்டியிலிருந்து பிரிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று பார்க்கப் பாம்பு விஷத்தைச் சேர்த்தார்கள், நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் நொதி அதில் உண்டு என்பதால். நரம்பு வளர்வது நிற்கவில்லை, முன்பைவிடப் பன்மடங்கு கூடியது. தேடிய பொருள் விஷத்திலேயே ஏராளமாக இருந்திருக்கிறது. பாம்பின் விஷப்பை மாறிப்போன உமிழ்நீர்ச் சுரப்பிதானே, அப்படியானால் எலியின் சுரப்பியில்? ஆண் சுண்டெலியின் தாடைக்கு அடியிலிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது குவிந்து கிடந்தது.

அந்தச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குப் போட்டபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண் ஒரே வாரத்தில் திறந்துகொண்டது. நானாக இருந்தால் ‘பக்க விளைவு’ என்று நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். கோஹன் அதன் பின்னாலேயே போய், தோல் செல்களை வளர்க்கும் இன்னொரு பொருளைப் பிரித்தார். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்றைக்கு நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ பரிசோதனை எழுதுகிறார்களே, அது செல்களில் அந்தப் பொருள் வந்து ஒட்டும் இடத்தைப் பற்றியதுதான்.

மாட்டுக்கு வருவோம். நமக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் எச்சில் சுரந்தால், பசுவுக்கு நூறு லிட்டருக்கு மேல். அதில் இருக்கும் சோடா உப்புதான் வயிற்றின் முதல் அறையில் புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. வைக்கோலை மென்று அசைபோடும்வரை பிரச்சினை இல்லை. மீந்த சோற்றையோ பொங்கலையோ வாளி வாளியாக வைத்தால் மெல்லாமல் விழுங்கிவிடும். எச்சில் குறையும், சோறு மளமளவென்று புளிக்கும், மாடு படுத்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்பைக் கரைத்துப் புகட்டுவது, சுரக்காமல் போன எச்சிலுக்குப் பதிலாகத்தான்.

மனிதருக்கு என்ன பயன் என்பதற்கு நானே சாட்சி. சில வருடங்களுக்கு முன் சாப்பிட உட்கார்ந்தாலே வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீங்கும், ஒரு மணி நேரத்தில் வடியும். அம்மா பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டித் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். முதலில் பார்த்த மருத்துவர் பல் என்றார். இரண்டாமவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஊறுகாய் தொட்டால் அதிகமாகிறதா?” ஆமாம், எலுமிச்சை ஊறுகாய் என்றால் உயிர் போகும். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியைப் பிடிக்கும், பசி பார்த்து வந்து போகாது என்றார். நாக்குக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, “கல்” என்றார். உமிழ்நீர்க் கல் பத்துக்கு எட்டு தாடைக்கு அடியிலிருக்கும் சுரப்பியில்தான் வருமாம். அதன் எச்சில் கொழகொழப்பு, சுண்ணாம்புச் சத்தும் அதிகம், குழாயோ நீளம், அதிலும் மேல்நோக்கி ஏற வேண்டும்.

நிறையத் தண்ணீர், புளிப்பு மிட்டாய், பின்னாலிருந்து முன்னால் நீவிவிடுவது. பன்னிரண்டாம் நாள் சாம்பார் சாதத்தின் நடுவே நறுக்கென்று ஒன்று பல்லில் பட்டது. அரிசியில் கல் என்று அம்மாவைத் திட்ட வாயைத் திறந்துவிட்டேன். துப்பிப் பார்த்தால் மஞ்சளாக, நொய்யரிசி அளவில், என்னுடையதுதான்.